மானிப்பாய் டொக்டர் கிறீனும் அம்மம்மாவின் களைப்பும்



வரலாற்றுக் கட்டுரை எழுதும்படி கேட்டார்கள். நான் வரலாறு படித்தவள் அல்ல, தாதி. ஆகவே எங்கள் வார்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு மாலை, எழுபது வயது கடந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்து சேர்ந்தார். கூட வந்தவன் பேரன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற, மரியாதையுள்ள பிள்ளை. டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். "படுத்தா களைக்குது" என்றார் அம்மா. பேரன் அதை ஆங்கிலத்தில் சொன்னான்: படுத்திருக்கும்போது அவருக்குச் சோர்வாக இருக்கிறதாம். டொக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். வயதானவர், இரவில் நித்திரை சரியில்லை, பகலில் சோர்வு. அதில் அவசரம் ஒன்றும் தெரியவில்லை.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "அம்மா, களைக்குது எண்டா மூச்சு வாங்குதோ?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை. நேராப் படுத்தா மூச்சு விடேலாது. ரெண்டு மூண்டு தலகணி வைச்சு இருந்தபடிதான் கண்ணை மூடுறன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் களைப்பு என்றால் சோர்வும்தான், மூச்சு வாங்குவதும்தான். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த இரண்டாவது பொருள் தெரிந்திருக்க வழியில்லை. அவனில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவது இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோர்க்கும்போது வருகிற முக்கியமான அறிகுறி. அது தெரிந்ததும் பரிசோதனை வேறு பக்கம் திரும்பியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தபோது குழி விழுந்து அப்படியே நின்றது. முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, காதருகே தலைமயிரைத் தேய்ப்பது போன்ற சத்தம் கேட்டது. அன்றிரவே சிகிச்சை தொடங்கியது. சில நாட்களில் அம்மா ஒரு தலகணியோடு நித்திரை கொண்டார்.

நோயாளியின் உடலைச் சோதிப்பவருக்கு நோயாளியின் மொழி தெரியாவிட்டால் கையும் காதும் தவறான இடத்தில் தேடும். ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் இதைப் புரிந்துகொண்டு, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்த ஒருவர் எங்கள் திருச்சபை வரலாற்றில் இருக்கிறார். அவர்தான் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரை உங்கள் அப்பம்மா, அம்மம்மா கட்டாயம் அறிந்திருப்பார்கள். அந்தக் கிறீன் இவர்தான்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கியது 1816இல். அவர்களில் முதல் வைத்திய மிஷனரி ஜோன் ஸ்கடர். அவர் 1819இல் இலங்கை வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பின்பு 1833இல் நேத்தன் வோர்ட் வட்டுக்கோட்டைக்கு வந்தார். அவருக்குப்பின் வந்தவர் கிறீன். அவர் 1822இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது 25 கூட நிறைந்ததோ இல்லையோ. அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியமும், உள்ளூர் மாணவருக்கு மருத்துவ வகுப்பும் ஆரம்பமாயின. கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 1870இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே மானிப்பாயில் தமிழ் இளைஞர் மருத்துவம் கற்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கிறீன் கப்பலில் கொண்டுவந்த மருத்துவம் எப்படிப்பட்டது? இன்று நாங்கள் முதலாம் ஆண்டுத் தாதியருக்கு உடற்பரிசோதனை கற்பிக்கும்போது நான்கு படிகளைச் சொல்கிறோம்: பார், தொடு, தட்டு, கேள். பார்ப்பதும் தொடுவதும் மிகப் பழையவை. தட்டுவதும் கேட்பதும் கிறீன் காலத்துக்குச் சற்று முன்பே வைத்தியத்தில் இடம்பிடித்தவை.

நெஞ்சில் விரலால் தட்டி, வரும் ஓசையைக் கொண்டு உள்ளே காற்றா நீரா என்று அறியலாம் என 1761இல் எழுதியவர் வியன்னாவில் இருந்த அவென்பிரக்கர் என்ற வைத்தியர். அவருடைய தகப்பன் ஒரு விடுதிக்காரர். பீப்பாயைத் தட்டினால் எதுவரை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். நாங்கள் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதும் அதே வித்தைதான்.

ஸ்டெதஸ்கோப் பிறந்தது 1816இல், அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்த அதே ஆண்டில். பாரிஸ் நகரில் லெனெக் என்ற வைத்தியர் இருதய நோயுள்ள ஓர் இளம்பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வைத்தியர் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதுண்டு. ஓர் இளம்பெண்ணிடம் அப்படிச் செய்வது முறையல்ல என்று கருதிய லெனெக், கடதாசித் தாள்களைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரே கேட்டதைவிடத் தெளிவாக இருதயத் துடிப்பு கேட்டது. நோயாளியின் கூச்சத்தை மதித்ததால் கிடைத்த கருவி அது. நான் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் போடும்போது இதை அடிக்கடி நினைப்பதுண்டு.

1840களில் நியூயோர்க்கில் மருத்துவம் படித்த ஒருவருக்கு இவையெல்லாம் பாடம். ஆனால் இன்று நாங்கள் கேட்காமலே எடுக்கிற பல அளவுகள் அவரிடம் இல்லை. கையில் சுற்றி பிரஷர் பார்க்கும் கருவி 1896இல்தான் வந்தது. காய்ச்சலை அளக்கும் சிறிய தெர்மோமீட்டர் 1860களில்தான் வழக்கத்துக்கு வந்தது. எக்ஸ்-ரே 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே கிறீனுக்குக் கண், கை, காது ஆகிய மூன்றும்தான் ஆதாரம். இவற்றோடு நோயாளி சொல்லும் வார்த்தையும் வேண்டும்.

அதற்காக, கிறீன் வரும்வரை நம்மவர் நோயாளியைச் சோதிக்கத் தெரியாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பரராசசேகரம், செகராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசரின் பெயர்களைத் தாங்கிய வைத்திய நூல்கள் எங்களுக்கு இருந்தன. சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்ற முறை இன்றும் உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் கவனித்து நோயைக் கணிப்பது அது. நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்த பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து வியந்திருக்கிறேன். நாடித்துடிப்பு, தோலின் சூடு, நாக்கு, தோலின் நிறம், கண், கழிவுகள் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. எட்டில் ஒன்று 'மொழி', அதாவது நோயாளியின் குரலும் பேச்சும். பேச்சைக் கவனிப்பதும் சோதனையின் ஒரு பகுதி என்று நம் முன்னோர் எண்ணி வைத்திருக்கிறார்கள். இறந்த உடலை அறுத்துப் பார்த்து, எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று படிப்பதும், அந்த அறிவைக் கொண்டு தட்டிக் கேட்பதும்தான் கிறீன் கொண்டுவந்த புதுமை.

ஆரம்பத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே படிப்பித்தார். மாணவர் நன்றாகப் படித்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டார்கள். யாழ்ப்பாணக் கிராமங்களில் ஏழை நோயாளியைப் பார்க்க ஆள் மிஞ்சவில்லை. இதைக் கண்ட கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழில் படித்தவன் தமிழருக்குள் தங்கி, தமிழருக்கு வைத்தியம் செய்வான். 1864இல் இருந்து மானிப்பாயில் மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்டது.

இந்த முடிவை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம், சம்பளம், மதிப்பு. தமிழில் படித்தால் ஊர் வைத்தியர். பிள்ளைகளின் முன்னேற்றத்தை இவர் தடுக்கிறாரே என்ற எண்ணம் எழுந்தது இயல்புதான். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் பெற்றோரும் ஆங்கிலத்தை நம்பித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள், நானும் ஆங்கிலத்தில் படித்துத்தான் இன்று சம்பளம் வாங்குகிறேன். ஆனால் கிறீன் கண்முன் வைத்திருந்தது மாணவனின் உத்தியோகத்தை மட்டுமல்ல, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியையும்தான்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும். அது இல்லாதபடியால் தாமே உண்டாக்கினார். 1850களிலேயே உடலமைப்பும் சுகவாழ்வும் பற்றிய கட்டரின் நூலையும், மோன்சலின் பிரசவ வைத்திய நூலையும் தமிழில் கொண்டுவந்தார். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம் இது. கிரேயின் புத்தகம் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்ததே 1858இல்தான். இன்றும் உலகமெங்கும் மருத்துவ மாணவர் புரட்டுகிற அந்தப் புத்தகம், 14 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மாணவன் கையில் தமிழில் இருந்தது. அதே ஆண்டு 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்'. ஆயிரக்கணக்கான பக்கங்கள்.

இந்தத் தலைப்புகளைப் பார்த்தாலே அவருடைய முறை விளங்கும். வழக்கில் உள்ள சொல் கிடைத்தால் அதை எடுத்தார். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடினார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்ப மாற்றினார். கெமிஸ்ட்ரி கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். சில சொற்கள் இன்று கரடுமுரடாகத் தோன்றும். ஆனால் ஒருவரும் நடக்காத காட்டில் முதல் பாதை வெட்டுகிறவர் அவர்.

இது அவர் ஒருவரின் உழைப்பும் அல்ல. சாப்மன், டான்போர்த் போன்ற அவருடைய மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். பெயரைப் பார்த்து அமெரிக்கர் என்று எண்ண வேண்டாம், அவர்கள் தமிழர்கள். மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் அன்று இருந்தது. உங்கள் சிலருடைய குடும்பப் பெயர்களின் கதையும் அதுவாக இருக்கலாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள். தமிழர் கிறிஸ்தவராகும்போது உடையிலும் பழக்கவழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது கிறீனின் கொள்கை. அவருக்குத் துணை நின்றவர்கள் அமெரிக்கப் பெயர்களைச் சுமந்தபடி தமிழ்ச் சொற்களைத் தேடினார்கள்.

மொழி மட்டும் போதுமா? இல்லை. உடலைத் தொடுவதற்கு நோயாளியின் சம்மதமும் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டத் தயங்கினார்கள். எத்தனை திறமையான வைத்தியராக இருந்தாலும் தொட அனுமதியில்லாவிட்டால் பரிசோதனை இல்லை. பண்டத்தரிப்பு ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடரின் கதை உங்களுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கேட்டார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. தன் தகப்பன் வைத்தியர், அவரை அனுப்புகிறேன் என்றார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கிய அவருடைய வேலை, 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் ஊர் ஊராகப் பேசிச் சேர்த்த பணம் அதற்கு உதவியது.

கிறீன் இரு தடவையாக ஏறக்குறைய 21 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1873இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பினார். 60க்கும் மேற்பட்ட உள்ளூர் வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். ஊருக்குப் போன பிறகும் சும்மா இருக்கவில்லை, தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884இல் காலமானார். அவருடைய கல்லறையில், தமிழருக்கான வைத்திய சுவிசேஷகர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் மருத்துவ வகுப்பு அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. மருத்துவம் ஆங்கிலத்துக்கே திரும்பியது. அந்த வகையில் அவர் தோற்றுவிட்டார் என்றும் ஒருவர் சொல்லலாம்.

நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஆண்டவர் நோயாளிகளைச் சந்தித்த விதத்தைச் சுவிசேஷத்தில் கவனித்துப் பாருங்கள். எரிகோ வழியில் குருடனாகிய பர்திமேயுவிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டார். பார்த்தாலே தெரிகிற குறைதான், ஆனாலும் அவனே சொல்ல இடங்கொடுத்தார். ஒருவரும் கிட்டப் போகாத குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் செவிடனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போய், அவன் காதிலும் நாவிலும் தொட்டார். கேட்பது, தொடுவது, தனிமையை மதிப்பது. வார்டில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, "தொடலாமா அம்மா?" என்று நான் கேட்கும்போது, இந்த வழியைத்தான் பின்பற்ற முயல்கிறேன்.

கிரவீனிலும் பெண்டில் ஹில்லிலும் தூங்காபியிலும் வளரும் உங்களில் பலர் வைத்தியராகவோ தாதியாகவோ வருவீர்கள். வராதவர்களும் ஒருநாள் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ டொக்டரிடம் கூட்டிப் போவீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, உடலைப் பற்றிய சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நாரி என்றால் இடுப்புக்குப் பின்புறம். உளைவு என்பது குத்துவது போலன்றி உள்ளுக்குள் விடாமல் நோவது. ஓங்காளம் என்றால் சத்தி வருகிற மாதிரி இருப்பது. முட்டு என்றால் மூச்சு இழுப்பு. விறைப்பு, எரிவு, கடுப்பு, தலைச்சுற்று, பதகளிப்பு ஒவ்வொன்றும் டொக்டருக்கு வெவ்வேறு செய்தி. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, சொல் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். "தெரியவில்லை, அவரிடமே கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "எந்த இடம் எண்டு தொட்டுக் காட்டுங்கோ" என்று அவரிடம் கேளுங்கள். கை காட்டுகிற இடம் பிழைப்பதில்லை.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு உங்கள் தோளில் மட்டும் விழ வேண்டிய சுமை அல்ல. அரச மருத்துவமனையில் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். 131 450 என்ற இலக்கம் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைத் தரும். பாட்டிக்குப் பேரன் முன்னால் சொல்லக் கூச்சமான வருத்தங்களும் இருக்கும். அந்த நேரத்தில் வெளியே போய் நிற்பதும் அன்புதான்.

அந்த அம்மா வீடு போகும் நாளில் பேரன் என்னிடம் வந்தான். "அக்கா, களைப்புக்கு இன்னும் எத்தனை மீனிங் இருக்கு?" என்று கேட்டான். "அம்மம்மாட்டையே கேள், அவவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்" என்றேன்.

நீங்களும் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளைக்கார இளைஞர் எங்கள் மொழியைக் கற்று அதில் மருத்துவத்தையே எழுதினார். எங்கள் வீட்டுச் சொற்களை நாங்கள் கற்றுக்கொள்ளக் கர்த்தர் நமக்கு உதவி செய்வாராக.